எடுத்த எடுப்பில்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் எஞ்சின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். பஞ்சர், பிரேக், செயின் எல்லாம் பக்கத்துக் கடைகள் பார்த்துக்கொள்ளும். எஞ்சினைப் பிரிக்க வேண்டுமென்றால் வண்டியை இவள் பட்டறைக்குத்தான் தள்ளிக்கொண்டு வர வேண்டும். வேகப் பைத்தியம் பிடித்தவர்களும் வருவார்கள். வண்டியோடு வந்த கேம் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய ரேஸ் கேமை மாட்டச் சொல்வார்கள். வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு திறக்க வேண்டும் என்று எஞ்சினுக்கு உத்தரவு போடுகிற தண்டு அது. அதை மாற்றினால் அதே சின்ன எஞ்சின் வேறு ஆளாகிவிடும்.

அவள் தம்பி அப்படியொரு கேமைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலை அவனுக்கு. வண்டியைக் கழுவக்கூடச் சோம்பல்படுகிறவன்.

"உனக்கெதுக்குடா பொடி இதெல்லாம்? பார்சல் பறந்து போகணுமா?"

"பொடின்னு கூப்பிடாதக்கா. ஆள் இருக்காங்க."

வாசலில் ஒருவன் நின்றிருந்தான். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்திலும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியைப் பாதி மட்டும் தூக்கியிருந்தான். கூட்டாளி என்றான் தம்பி. கூட்டாளிக்குப் பேர் சொல்லவில்லை.

அவள் வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதைத் தம்பியிடமும் கேட்டாள். "கீழ இழுவை வேணுமா, மேல வேகம் வேணுமா? ரெண்டும் ஒண்ணா கிடைக்காது."

"வேகமெல்லாம் வேணாம்க்கா. நிக்கிற வண்டி எடுத்த எடுப்புல பாயணும். பின்னாடி ஆள் இருந்தாலும் பாயணும்."

அவள் கையிலிருந்த ஸ்பேனர் ஒரு கணம் நின்றது. இத்தனை வருஷத்தில் வந்தவர்கள் எல்லோரும் மீட்டர் முள் எங்கே போய் முட்டும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். பின்னால் ஆள் இருக்கும்போது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஏதோ விளையாட்டுப் புத்தி என்று நினைத்துக்கொண்டு டேங்கைக் கழற்றினாள்.

வண்டியைச் சுற்றி வந்தபோது நம்பர் பிளேட் கண்ணில் பட்டது. வழக்கமான போல்ட் இல்லை. கையாலேயே திருகிக் கழற்றுகிற இறக்கை நட்டு இரண்டு புதுசாக மாட்டியிருந்தது.

"இது எதுக்குடா?"

"வண்டி கழுவ வசதியா இருக்கும்னு."

அவள் ஒரு நட்டை விரலால் திருகிப் பார்த்தாள்.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கி, பிஸ்டன் தலையில் எண்ணெய் தடவிய களிமண்ணை அப்பி, புதுக் கேமோடு திரும்பப் பூட்டி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினாள். மறுபடியும் பிரித்துப் பார்த்தால் களிமண்ணில் வால்வின் தடம் பதிந்திருந்தது. பிளேடால் குறுக்கே வெட்டினாள். தடத்தின் அடியில் களிமண் வெங்காயத் தோல் அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது. மெதுவாகச் சுற்றும்போதே இவ்வளவுதான் இடைவெளி. ஓட்டத்தில் ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்தால் வால்வு நேராகப் பிஸ்டனில் போய் இடிக்கும்.

சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. பிஸ்டனைக் கடைசல் பட்டறையில் கொடுத்து வால்வுக்குக் குழி எடுக்க வேண்டும், கெட்டி ஸ்பிரிங் போட வேண்டும். அதைச் சொல்ல அவள் நிமிர்ந்தபோது ஹெல்மெட்காரன் பக்கத்திலேயே நின்றிருந்தான். எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை. அவன் பார்வை களிமண்ணில் இல்லை, அவள் கழுத்தில் இருந்தது.

"அக்கா, இந்தச் சங்கிலி கொக்கி போட்டதா, இல்ல பத்தவெச்சதா?"

குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. காய்கறி விலை விசாரிக்கிற மாதிரி.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் ஷட்டரில் ஒட்டியிருந்த பழைய டயர் விளம்பரத்தை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது. சின்ன வயதில் பொய் சொல்லிவிட்டு அடிக்குக் காத்திருக்கும்போதும் அப்படித்தான் சிவக்கும்.

"வால்வு தட்டும். இது இந்த எஞ்சினுக்கு ஆகாது" என்றாள் அவள். சரிசெய்கிற வழியைச் சொல்லாமல் விழுங்கிவிட்டாள். "பழசையே போட்டுத் தர்றேன்."

"தட்டினா தட்டட்டும்க்கா, மாட்டு" என்றான் தம்பி.

"எதுக்குடா? யாரை விட்டு ஓடப் போற?"

சிரித்து மழுப்பப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. ஹெல்மெட்காரன் ஹெட், கேம், போல்ட் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் அள்ளினான். தம்பி வண்டியைத் தள்ள, அவன் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனான். அவள் வாசல்வரை ஓடினாள்.

"டேய், அவனை விட்டுட்டு வீட்டுக்கு வா. சோறு போடுறேன். உட்கார்ந்து பேசலாம்."

"வர்றேன் வர்றேன்" என்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். இறக்கை நட்டு, சங்கிலிக் கேள்வி எல்லாம் சொன்னாள். அம்மா கேட்டுவிட்டு எரிந்து விழுந்தாள். "அவனே இப்பத்தான் ஒழுங்கா நாலு காசு பார்க்கிறான். வீட்டுக்கு மிக்ஸி வாங்கிக் கொடுத்திருக்கான். நீ கண்ணு வைக்காத." பார்சல் வேலையை அவன் எப்போதோ விட்டுவிட்டான் என்பது அம்மாவுக்கும் தெரியாது, அவளுக்கும் அப்போது தெரியாது. போலீசிடம் போகலாமா என்று யோசித்தாள். போய் என்ன சொல்வது? என் தம்பி வண்டி வேகமாகக் கிளம்ப வேண்டும் என்கிறான் என்றா? அன்றிலிருந்து பின்னால் எந்த வண்டி வேகம் குறைத்தாலும் அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. கடைசியில் சங்கிலியைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். மனசு மட்டும் அடங்கவில்லை.

அம்மாவின் மாத்திரையை வாங்கிக்கொண்டு ஒரு காலையில் அவள் அம்மா வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தாள். அக்கா தம்பி இருவரும் விழுந்து எழுந்து வளர்ந்த தெரு. சந்துக்குள் சந்தாகப் பிரிந்து, பழகாதவர்களைச் சுற்ற விடுகிற தெரு. முன்னால் தையல்காரம்மா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தாள். இவர்கள் இருவருக்கும் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தவள்.

பின்னால் ஒரு வண்டி வந்தது. முதலில் அவளுக்குச் சத்தம்தான் கேட்டது. மூச்சு தடுக்கித் தடுக்கி ஒரு ஓட்டம். நடுவில் ஆணியைத் தட்டுகிற மாதிரி ஒரு டக் டக். யாரோ அரைகுறையாக அந்தக் கேமை மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வண்டி அவளை உரசிக்கொண்டு கடந்தது. இரண்டு பேர், இரண்டு ஹெல்மெட். நம்பர் பிளேட் இல்லை. ஓட்டுகிறவனின் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. மரத்திலிருந்து விழுந்து கூடின தோள் அது. தலைமுடியைத் துணியால் மூடியிருந்த அவளை அவன் கவனிக்கவில்லை. தையல்காரம்மாவுக்குப் பக்கத்தில் வண்டி ஊர்ந்தது, நின்றது. பின்னால் இருந்தவன் வழி கேட்பதுபோலக் குனிந்தான். அவன் கை நீண்டது.

"டேய் பொடி!"

தெருவே அதிர்கிற மாதிரி கத்தினாள். தம்பியின் தலை வெடுக்கென்று திரும்பியது. பயத்தில் ஆக்ஸிலேட்டரை ஒரேயடியாக முறுக்கிவிட்டான். வண்டி எடுத்த எடுப்பில் பாய்ந்தது; கியர் மாற்றக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. எஞ்சின் கிறீச்சிட்டு ஏறி ஏறி, உள்ளே ஏதோ உடைகிற சத்தம் ஒன்று கேட்டது. பின்சக்கரம் அப்படியே இறுகிக்கொண்டது. வண்டி பக்கவாட்டில் சாய்ந்து, அவனை அடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே போய்ச் சுவரில் மோதியது.

மற்றவன் உருண்டு எழுந்து சந்துக்குள் மறைந்துவிட்டான். தையல்காரம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். சங்கிலி அறுந்து பாதி அவள் கையிலேயே இருந்தது. வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவன் கையில் கட்டை இருந்தது. அவள் முந்திக்கொண்டு போய்த் தம்பியின் மேல் குறுக்கே விழுந்தாள்.

"இவன் என் தம்பி. போலீசைக் கூப்பிடுங்க, நானே எல்லாத்தையும் சொல்றேன். கை மட்டும் வைக்காதீங்க."

கட்டை தூக்கியவன் அவளை அடையாளம் தெரிந்து கையை இறக்கினான். அடியில் கிடந்தவன் முனகினான். "அக்கா, வண்டி சறுக்கிடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு. வேற எதுவும் சொல்லாத."

அவள் எதையும் மறைக்கவில்லை. ஸ்டேஷனிலும் சொன்னாள், அம்மாவிடமும் சொன்னாள். அவனுக்குத் தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் காலோடு அவன் கையை விலங்கிட்டிருந்தார்கள். இதுபோல இன்னும் பல தெருக்களில் நடந்திருக்கிறது என்றும், ஒரு பெண்மணி கீழே விழுந்து இன்னும் நினைவு திரும்பாமல் கிடக்கிறாள் என்றும் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சொன்னார். கூட்டாளியின் பேர் என்ன என்று எத்தனை கேட்டும் தம்பி வாய் திறக்கவில்லை. அந்த ஹெல்மெட்காரன் வெளியில் இருக்கிறானே என்ற பயம்தான்.

அம்மா அழவில்லை. வராந்தா பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ கூப்பிடாம இருந்திருந்தா அவன் விழுந்திருப்பானா?"

அம்மாவிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"இல்லம்மா. அன்னைக்கு விழுந்திருக்க மாட்டான்."

அம்மா எழுந்து வராந்தாவின் அந்தக் கடைசியில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.