கங்குக் குழம்பு

என் மனைவி ரித்திகாவின் நோட்டில் நாற்பத்தொரு குறிப்புகள் இருந்தன. எல்லாம் ஒரே வீடியோ கேமிலிருந்து எடுத்தவை. அதன் பெயர் ‘ஆறு தீவுகள்’. அதில் வருகிற ஆள் நடந்து நடந்து, கிடைத்ததைப் பொறுக்கி ஒரு இரும்புச் சட்டியில் போடுவான். ஐந்து பொருள் சேர்ந்தால் ஒரு சாப்பாடு வரும். சாப்பிட்டால் திரையின் மேல் ஓரத்தில் இருக்கும் இதயங்கள் நிரம்பும். சண்டையும் உண்டு. சண்டை வந்தால் ரித்திகா ரிமோட்டை என்னிடம் கொடுத்துவிடுவாள். சட்டி வந்தால் பிடுங்கிக்கொள்வாள்.

அந்தச் சாப்பாடுகளைக் கணபதிப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு அடுப்பில் செய்து பார்ப்பது அவள் பழக்கம். கேமில் செய்முறை இருக்காது. படம் மட்டும் வரும். நிறத்தைப் பார்த்து அவளே யூகிப்பாள். நீலச் சோற்றுக்குச் சங்குப்பூ. பாசிக் களிக்கு முருங்கைக்கீரை. இருபத்து மூன்று முடித்திருந்தாள்.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை, தலை வலிக்கிறது என்றாள். மாத்திரை போட்டுப் படு, காலையில் பார்க்கலாம் என்றேன். காலையில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது.

தலைவலியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொன்னேன். என் மாமனார் தம்பிதுரைக்குக் கருமத்தம்பட்டியில் ஐந்து ஏக்கர் இருக்கிறது. மாதா மாதம் முதல் ஞாயிறு காலை வண்டியில் வருவார். மகள் இருந்தபோது வந்ததுபோலவே இப்போதும் ஐந்து லிட்டர் கேனில் எண்ணெய் கொண்டுவருவார். சோபாவில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்பார்.

“அன்னைக்கு ஒண்ணுமே சொல்லலீங்களா மாப்பிள்ளை?”

“இல்லீங்க மாமா.”

ஒவ்வொரு மாதமும் இதே கேள்வி. இதே பதில்.

மீதிப் பதினெட்டுக் குறிப்புகளை நான் செய்ய ஆரம்பித்தேன். காரணம் எதுவும் இல்லை. வாரம் முழுக்க பம்ப் கம்பெனியில் வரைபடம் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை செய்ய ஒரு வேலை வேண்டும். என்னோடு கல்லூரியில் படித்த பிரவின்குமார் சிங்காநல்லூரில் கேமிங் சென்டர் வைத்திருக்கிறான். மாடியில் பதினாறு கம்ப்யூட்டர், பின்பக்கம் சின்ன சமையலறை.

“தனியா செஞ்சு தனியா தின்னு என்னடா பண்ணப் போற? இங்க வந்து செய். பசங்க திம்பானுங்க” என்றான்.

அப்படித்தான் ஞாயிறு தோறும் சட்டி, கரண்டி, எண்ணெய்க் கேனோடு அங்கே போக ஆரம்பித்தேன்.

அந்த ஞாயிறு போட்டி வைத்திருந்தான். ஆறு தீவுகளில் பனிமலையை யார் முதலில் தாண்டுவது என்று. பதினாறு பேர். கேமில் கங்குக் குழம்பு குடிக்காமல் பனிமலை ஏற முடியாது. பாதியில் உறைந்து விழ வேண்டியதுதான். அதனால் நோட்டில் இருபத்தொன்பதாவது குறிப்பை எடுத்தேன். ‘கங்குக் குழம்பு. பால் காளான், பரங்கிக்காய், சின்ன வெங்காயம், காஷ்மீர் மிளகாய், வறுத்த நிலக்கடலைப் பொடி. எண்ணெய் தாராளமாக. நிறம் அடுப்புக் கங்கு மாதிரி வரணும்.’

பன்னிரண்டு மணிக்குக் குழம்பு இறங்கியது. நிறம் வந்திருந்தது.

அப்போது ஒரு அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார். உக்கடத்திலிருந்து மகளைக் கூட்டி வந்திருந்தார். பெயர் மெஹராஜ். மகள் ஃபஹீமாவுக்குப் பதினொரு வயது. போட்டியில் அவள்தான் சின்னவள்.

“ஏனுங்க, இதுல கறி ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?”

“இல்லீங்க. காளான்தானுங்க.”

“நிலக்கடலைங்க? பாப்பாவுக்கு அது ஆகவே ஆகாதுங்க. அஞ்சு வயசுல ஒரு கடலை உருண்டை தின்னுபோட்டு மூச்சு இழுத்துருச்சு. ஊசி போட்டுத்தான் திரும்புனா.”

“கடலைப் பொடி போட்டிருக்குதுங்க. பாப்பாவுக்குக் குடுக்காதீங்க.”

ஃபஹீமா அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். “இது குடிக்காம பனிமலை ஏற முடியாதும்மா.”

“அது கேம்லடி.”

“எல்லாரும் குடிச்சிட்டு ஆடுவாங்க. நான் மட்டும் பிஸ்கட் தின்னுட்டு ஆடோணுமா?”

“பிஸ்கட்டுக்கு என்ன கொறச்சல்? உங்க அத்தா வாங்கிக் குடுத்ததுதான?”

“அத்தா வாங்குனது நமத்துப் போச்சு.”

மெஹராஜ் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சொன்னேன். “தனியா செஞ்சு தாரேங்க. கடலை இல்லாம.”

“செரமம் உங்களுக்கு.”

“செரமம் ஒண்ணுமில்லீங்க.”

இதை நான் ஒழுங்காகச் செய்தேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். வேறு சட்டி எடுத்தேன். சோப்பு போட்டு இரண்டு முறை கழுவினேன். கரண்டி, கத்தி, வெட்டும் பலகை எல்லாம் வேறு. காளானைப் புதிதாக வெட்டினேன். கடலைப் பொடி டப்பாவை மூடி வெளியே பால்கனியில் வைத்துவிட்டு வந்து கையைக் கழுவினேன். குழம்பு கெட்டியாவதற்கு அரிசி மாவு கரைத்து ஊற்றினேன். எட்டு மாதத்தில் ஒரு வேலையை இவ்வளவு கவனமாக நான் செய்யவில்லை.

ஒரு மணிக்கு எல்லோருக்கும் கிண்ணத்தில் கொடுத்தோம். ஃபஹீமாவின் கிண்ணத்தை நானே கொண்டுபோய் வைத்தேன். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு ஸ்பூன் வாயில் போட்டாள். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். பிரவின்குமார் சுவரில் இருந்த பெரிய திரையில் கடிகாரத்தை ஓடவிட்டான். பதினாறு பேரும் மலையடிவாரத்திலிருந்து கிளம்பினார்கள்.

நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். அடுப்பைத் துடைத்தேன். மேடையைத் துடைக்க எண்ணெய்க் கேனைத் தூக்கினேன். கேன் பாதி காலி. வெளிச்சத்தில் அடிப்பக்கம் தெரிந்தது. பழுப்பாகக் கசடு தங்கியிருந்தது.

மாமா தோட்டத்துக் கடலை. கருமத்தம்பட்டியில் செக்கில் ஆட்டியது.

கல்யாணமாகி நான்கு வருடத்தில் நாங்கள் கடையில் எண்ணெய் வாங்கியதே இல்லை. கேனில் லேபிள் கிடையாது. படிக்க ஒன்றும் இல்லை. தண்ணீர் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று குழாயைத் திறக்கும்போது யோசிப்போமா, அப்படித்தான் அந்தக் கேனும். சின்னச் சட்டியில் நான்கு கரண்டி ஊற்றியிருந்தேன். நோட்டில் தாராளமாக என்று இருந்தது.

கேனை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். கடிகாரம் ஒன்பது நிமிடம் காட்டியது. ஃபஹீமாவின் கிண்ணம் பாதிக்குக் கீழே போயிருந்தது. அவள் திரையைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தாள். பார்க்க எதுவும் ஆகவில்லை. மெஹராஜ் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனில் மகளை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

பிரவின்குமாரை இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

“எண்ணெயில என்னடா இருக்கும்? கடலையா மெதக்குது?”

“செக்கு எண்ணெய்டா. கடலைக் கசடோட இருக்குது.”

“புள்ள நல்லாத்தான் ஆடிட்டிருக்குது. பாரு. நாலாவது எடத்துல இருக்குது.”

“சொல்லோணும்.”

“சொல்லு, வேண்டாங்கல. பத்து நிமிஷம் பாரு. ஒண்ணும் ஆகாததுக்குப் போயி விஷம் வெச்சேன்னு சொல்லுவியா? அந்தம்மா இங்கயே கத்துனா நாளைக்கு ஒருத்தன் இந்த மாடி ஏறுவானா?”

பத்து நிமிடம் பார்க்கலாம் என்பது நியாயமாகத்தான் தெரிந்தது. காலையில் பார்க்கலாம் என்று சொன்னபோதும் அது நியாயமாகத்தான் தெரிந்தது.

மறுபடி ஃபஹீமாவைப் பார்த்தேன். இடது கை விசைப்பலகையில் இருந்தது. வலது கையை ஒரு நொடி எடுத்து, மேலுதட்டைச் சட்டைக் கையில் தேய்த்தாள். பிறகு கழுத்தைச் சொறிந்தாள். மறுபடி விசைக்குக் கை போனது. பத்து நொடி கழித்து மறுபடி உதட்டைத் தேய்த்தாள்.

நான் மெஹராஜிடம் போனேன்.

“அம்மணி, குழம்புக்கு ஊத்துனது கடலை எண்ணெய்ங்க. எனக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. பாப்பா உதட்டைத் தேய்க்குது. ஆஸ்பத்திரிக்குப் போகோணும்.”

அவர் முதலில் என்னைப் புரியாமல் பார்த்தார். பிறகு ஃபோன் கீழே விழுந்தது. மகளின் ஹெட்ஃபோனைப் பிடுங்கி முகத்தைத் திருப்பினார். மேலுதடு வீங்கியிருந்தது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு.

“எப்பருந்துடி?”

“காரம்னு நெனச்சேன்மா. விடு, ரெண்டாவது முகாம் வந்துருச்சு.”

“மூச்சு இழுத்து உடு பாக்கலாம்.”

இழுத்தாள். உள்ளே ஒரு சின்ன விசில் சத்தம் கேட்டது. அதை அவளும் கேட்டாள். விசையிலிருந்து கையை எடுத்தாள்.

பிரவின்குமார் கார் சாவியை என் கையில் திணித்தான். நான் அவளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். மெஹராஜ் பையைக் கிளறிக்கொண்டே பின்னால் ஓடி வந்தார். அலர்ஜி மாத்திரை ஒன்று கிடைத்தது. பின் சீட்டில் உட்கார்ந்து மகள் வாயில் போட்டார். அவளால் விழுங்க முடியவில்லை. இருமினாள். மாத்திரை வெளியே வந்தது.

திருச்சி ரோட்டில் சிக்னல் சிவப்பு. முன்னால் ஒரு பல்லடம் பஸ். ஹார்னை அழுத்திப் பிடித்தேன். பஸ் நகரவில்லை. அதற்குப் போக இடமில்லை. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கண் இமைகள் தடித்திருந்தன. ஒவ்வொரு மூச்சும் தனியாகக் கேட்டது. நான் எண்ண ஆரம்பித்தேன். எண்ணிக் கொண்டிருந்தால் அடுத்தது வரும் என்று தோன்றியது.

“தூங்காத கண்ணு. ஃபஹீமா. அம்மாவப் பாரு.”

பச்சை விழும் முன் இடப்பக்கம் மண்ணில் இறக்கி, ஒரு தள்ளுவண்டியை உரசிக்கொண்டு போனேன். அந்த ஆள் கத்தியது கேட்டது. ஆஸ்பத்திரி வாசலில் காரைக் குறுக்காக நிறுத்தினேன்.

அவசரப் பிரிவு டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார். “என்ன சாப்பிட்டா, எவ்வளவு நேரம் ஆச்சு?”

“செக்குல ஆட்டுன கடலை எண்ணெய். குழம்புல. இருபத்து மூணு நிமிஷம்.”

போட்டிக் கடிகாரம் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தொடையில் ஊசி போட்டார்கள். முகத்தில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். மெஹராஜ் மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் திரைச்சீலைக்கு வெளியே நின்றேன். விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு இரண்டு மூச்சுக்கு ஒரு முறை கேட்டது. பிறகு நான் எவ்வளவு காது கொடுத்தும் கேட்கவில்லை. எது நின்றது என்று தெரியாமல் திரைச்சீலையை விலக்கினேன்.

அவள் கண்ணைத் திறந்திருந்தாள். மார்பு ஏறி இறங்கியது. என்னைப் பார்த்ததும் ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். மெஹராஜ் குனிந்து கேட்டார்.

“நாலாவது எடத்துல இருந்தாளாம். உங்களாலதான் போச்சாம்.”

சிரிக்கவில்லை அவர்.

ராத்திரி வரை வைத்திருந்து பார்க்க வேண்டும் என்றார்கள். மூன்று மணிக்கு அவளுடைய அப்பா வந்தார். மெஹராஜ் வராந்தாவுக்கு வந்தார்.

“கடையில எல்லாம் பாமாயில் இல்லாட்டி சன்ஃப்ளவர்தானுங்க ஊத்துவாங்க. எண்ணெயக் கேக்கோணும்னு எனக்கும் தோணல.”

“நான் யோசிச்சிருக்கோணுங்க.”

“ஆமாங்க. நீங்க யோசிச்சிருக்கோணும்.” உள்ளே மகள் படுத்திருந்த பக்கம் பார்த்தார். “வந்து சொல்லாம இருந்திருந்தா, நானும் காரம்னு தண்ணிதான் குடுத்திருப்பேன். அதுக்காக மனசு ஆறலீங்க எனக்கு. நீங்க கெளம்புங்க. நாங்க பாத்துக்கறோம்.”

கிளம்பினேன். பிரவின்குமாரிடம் சாவியைக் கொடுத்தேன். யாரோ ஒரு கல்லூரிப் பையன் ஜெயித்திருந்தான். என் பாத்திரங்களைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டு வைத்திருந்தான் பிரவின்குமார். “நான் சொன்னதக் கேட்டிருந்தீன்னா” என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது ஐந்து மணி. எண்ணெய்க் கேனை மேடையில் வைத்தேன். மார்க்கரால் அதன்மேல் ‘கடலை எண்ணெய்’ என்று எழுதினேன். நோட்டை எடுத்தேன். எண்ணெய் என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் முன்னால் ‘கடலை’ என்று சேர்த்தேன். முப்பத்திரண்டு இடம். அவள் எழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்து கோணலாக இருந்தது.

பிறகு மாமாவுக்கு ஃபோன் செய்தேன்.

“சொல்லுங்க மாப்பிள்ளை. எண்ணெய் தீந்துபோச்சுங்களா? நாளைக்கே வேணாக் கொண்டாறேன்.”

“எண்ணெய் இருக்குதுங்க மாமா.”

“அப்பறம்?”

அவர் வீட்டுக்குப் பக்கத்தில் விசைத்தறிக் கூடம். தறி ஓடுகிற சத்தம் ஃபோனில் சீராகக் கேட்டது.

“அன்னைக்கு ராத்திரி தலை வலிக்குதுன்னு சொன்னா மாமா. ஒம்பது மணிக்கு. நான்தான் காலையில பாக்கலாம்னு சொன்னேன்.”

மாமா ஃபோனை வைக்கவில்லை. தறிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நானும் வைக்காமல் நின்றேன்.