உள்பக்கம் திறக்கும் கேட்

வீட்டில் அவருக்கு இன்ஜினியர் என்று பெயர். பார்ப்பதென்னவோ இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா வேலை. ஆனால் சனிக்கிழமை விடிந்தால் போதும், மனுஷனுக்குக் கை துறுதுறுக்க ஆரம்பித்துவிடும். குழாய், அலமாரி, வேலி என்று எதையாவது கழற்றியாக வேண்டும். ஏணியைப் பிடிப்பது, ஆணி எடுத்துக் கொடுப்பது, நசுங்கிய விரலுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் மனைவியின் பாடு.

அவள் கல்யாணத்துக்கு முன்பு சட்டை தைத்தவள். கடைத்தெருத் தையல்கடைக்காரம்மா ஆள் தேடுகிறாள் என்று தெரிந்ததும் ஓடிப்போய்க் கேட்டுவிட்டாள். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வா. ஒரு காலர் தைச்சுக் காட்டு, பார்க்கலாம்" என்று பதில் வந்தது.

வீட்டில் சொன்னபோது இன்ஜினியர் முகமெல்லாம் சிரிப்பு. "தாராளமா போயிட்டு வா. உன்னை யாரு தடுத்தா?"

அதுதான் வயிற்றெரிச்சல். அவர் எதையும் தடுத்ததே இல்லை. அவள் வெளியே கிளம்பும் நேரம் பார்த்து ஏணி மேல் நின்றுகொண்டிருப்பார், அவ்வளவுதான்.

இந்த வாரம் வாசலுக்குச் சிமெண்ட் தரை. சனிக்கிழமை முழுக்க மண் வெட்டினார்கள். ஞாயிறு காலையில் தண்ணீர்க் குழாய் கைநழுவி, கொடியில் காய்ந்த துணியெல்லாம் நனைந்தது. கலவை குழைத்துக் குழைத்து அவளுக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. மதியம் சாப்பாட்டை முடித்து, குளித்து, இஸ்திரி போட்ட சுடிதாரை உடுத்திக்கொண்டு, கத்தரிக்கோலும் அளவு நாடாவும் வைத்த பையோடு வெளியே வந்தாள்.

வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். இடப்பக்கச் சுவரிலிருந்து வலப்பக்கச் சுவர் வரை ஈரச் சிமெண்ட் பளபளத்தது. கேட்டருகே ஆரம்பித்துப் பின்னாலேயே பூசிக்கொண்டு வந்தவர், இப்போது வீட்டுப்படியில் கரணையோடு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் பின்வாசலும் கிடையாது.

"அப்பா, நாம வெளிய எப்படிப் போறது?" என்றாள் மகள்.

"நாளைக்குக் காலைல காஞ்சிடும். இன்னிக்கு யாரு எங்க போகப் போறா?"

"நான்" என்றாள் மனைவி.

"அடடா!" தலையில் கை வைத்துக்கொண்டார். நிஜமாகவே மறந்திருந்தார். "கோவிச்சுக்காதேம்மா. நாளைக்கு வரேன்னு ஒரு போன் போட்டுச் சொல்லிடு."

போட்டாள். "இன்னொரு பொண்ணு வந்து மெஷின்ல உட்கார்ந்தாச்சு. நீ அவ முடிக்கிறதுக்குள்ள வா, இல்லேன்னா வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தையல்கடைக்காரம்மா வைத்துவிட்டாள்.

அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார், முதுகைத் தடவுவார், நாலு மணியும் போய்விடும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சிமெண்டில் காலை வைத்தாள். கணுக்கால் வரை சில்லென்று இறங்கியது.

"ஐயையோ, தரை போச்சே!"

அவள் திரும்பவில்லை. கேட்டை எட்டிப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. உள்பக்கம் திறக்கும் கேட் அது. போன வாரம் அவரே மாட்டியது, தரையை உரசும் அளவுக்குத் தாழ்வாக. இப்போது அதன் அடிக்கம்பி சிமெண்டுக்குள் புதைந்திருந்தது.

திரும்பிப் பார்த்தாள். இன்ஜினியர் மண்டியிட்டு அவளுடைய முதல் காலடியைக் கரணையால் தடவி மூடிக்கொண்டிருந்தார். இரண்டாவதையும் மூடினார். மூன்றாவதற்குக் கை எட்டவில்லை.

"மத்த தடத்துலயே காலை வெச்சுத் திரும்பி வந்துடும்மா" என்றார் அன்பாக. "வேலை மிச்சம்."

அவள் பையைத் தூக்கிக் கேட்டுக்கு மேலே வீசினாள். அது தெருவில் தொப்பென்று விழுந்தது.

"அம்மா, பை வெளிய விழுந்துடுச்சு!" என்று கத்தினாள் மகள்.

"ஆமா. போய் எடுக்கணும்ல" என்றபடி, சிமெண்ட் அப்பிய காலைக் கேட்டின் நடுக்கம்பியில் வைத்து ஏறினாள்.