ஓட்டுநர் எண் நாற்பத்தொன்று

தரவு ஆலோசகராகப் பதினாறு வருடத்தில் கற்ற பாடங்களை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் படித்துப் பயன்பெறுவார்களாம். தாராளமாக எழுதலாம். வாடிக்கையாளர் பதிலைத் தெரிந்துகொள்ள நம்மைக் கூப்பிடுவதில்லை. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு படம் வரைந்து தரத்தான் கூப்பிடுகிறார். இது ஒன்றுதான் நானாகக் கற்றது. மிச்சமெல்லாம் என் மச்சானிடம் கற்றவை. அவர் பார்சல் வண்டி ஓட்டுகிறார்.

எந்தக் கம்பெனியில் ஓட்டுகிறார் என்று நான் கேட்டதே இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருடமாக, "வேலையெல்லாம் எப்படிப் போகுது மச்சான்?", "போகுது மாப்ளை" என்பதோடு சரி. அதனால் போன வருடம் ஒரு பார்சல் கம்பெனி, பொருட்கள் ஏன் நேரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை என்று கண்டுபிடிக்க எங்களைக் கூப்பிட்டபோது எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

அந்தக் கம்பெனி மேலாளர் மூன்று லட்சம் வரிகள் அனுப்பிவைத்தார். ஒவ்வொரு வரியும், கொடுக்க முடியாமல் கிடங்குக்கே திரும்பிவந்த ஒரு பார்சல். பக்கத்தில் அதற்கான காரணம். ஓட்டுநர்களின் பெயர்களை எடுத்துவிட்டுப் பணி எண்ணை மட்டும் விட்டிருந்தார்கள். அடுத்தவர் ரகசியத்தைக் காப்பதில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. கிடங்கு என் அலுவலகத்திலிருந்து இருபதே நிமிடம். போனேனா? மூன்று லட்சம் வரி மடியில் இருக்கும்போது எதற்குப் போக வேண்டும்?

வட்டப் படமாகப் போட்டதும் முடிவு பளிச்சென்று வந்தது. நூற்றுக்கு அறுபத்துநான்கு பார்சல்கள் திரும்பக் காரணம், 'ஓட்டுநர் கவனக்குறைவு'. படுமோசமான ஆறு எண்களைச் சிவப்பில் போட்டேன். உச்சியில் நாற்பத்தொன்று. அந்த ஆறு பேரையும் 'விடுவிக்கலாம்' என்று எழுதினேன். எங்கள் அறிக்கையில் யாருக்கும் வேலை போகாது, விடுதலைதான் கிடைக்கும். மேலாளர் பூரித்துப் போனார்.

"நான் அப்பவே சொன்னேன் சார், டிரைவருங்கதான்னு. இப்ப கம்ப்யூட்டரே சொல்லுது பாருங்க."

அடுத்த ஞாயிறு மச்சான் வீட்டுக்கு வந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை.

"என்னண்ணா, உடம்பு சரியில்லையா?" என்றாள் என் மனைவி.

"மாசக் கடைசியோட வேலை போயிடும் போல. எவனோ ஆராய்ச்சி பண்ணிப் பாத்தானாம். இருக்கறதுலயே நான்தான் மோசமாம். கவனக்குறைவாம். பதினெட்டு வருஷத்துல வண்டியில ஒரு கீறல் விழுந்ததில்ல." என் பக்கம் திரும்பினார். "ஏன் மாப்ளை, நீங்களும் இந்த மாதிரி வேலைதானே பாக்கறீங்க? அவன் எப்படிக் கண்டுபிடிச்சிருப்பான்?"

"அங்க உங்க நம்பர் என்ன மச்சான்?"

"நாப்பத்தொண்ணு."

எனக்குப் புரையேறியது. தலையில் தட்ட வந்த மனைவி, தட்டாமல் என் முகத்தையே பார்த்தாள். ஒன்பது வருடம் கூட இருந்தவளுக்கு அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கிடங்குக்குப் போனேன். கெட்டுப்போகும் பொருட்களுக்காகக் குளிரூட்டியிருந்தார்கள், உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. திரும்பிவந்த பெட்டிகளைப் பதிவு செய்யும் அம்மா ஒருவர், தடித்த கையுறையோடு ஒரு சின்ன இயந்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். பெட்டி, தட்டு. பெட்டி, தட்டு. ஒரு பெட்டியின் மேல் 'வீடு பூட்டியிருந்தது' என்று மச்சானின் கோணல் கையெழுத்தில் எழுதியிருந்தது. அதற்கும் அதே தட்டு. எட்டிப் பார்த்தேன். பதினான்கு காரணங்கள் கொண்ட பட்டியலில் முதலாவது, ஓட்டுநர் கவனக்குறைவு.

"ஏம்மா, வீடு பூட்டியிருந்ததுன்னு எழுதியிருக்கே?"

"அது ஒம்பதாவதா இருக்கு சார். கீழ தள்ளணும்னா கிளவுஸைக் கழட்டணும். நானூறு பெட்டிக்கும் கழட்டி மாட்டிக்கிட்டிருந்தா வெளங்கிடும்."

"யாராவது படிச்சா தப்பா நெனைக்க மாட்டாங்களா?"

"இதைப் போய் யாரு சார் படிக்கப்போறா?"

நான்தான் அம்மா. படித்து, வட்டம் போட்டு, சிவப்பு வேறு பூசினேன். நாற்பத்தொன்றுக்கு இருப்பதிலேயே நீளமான தடம். பார்சல் அதிகம், திரும்புவது அதிகம், தட்டும் அதிகம். அவருடைய கவனக்குறைவு அவ்வளவுதான்.

"'தவறு'ன்னு எங்கயும் எழுதிடாதீங்க," என்றார் என் மேலதிகாரி. "'இரண்டாம் பதிப்பு'ன்னு போடுங்க."

போட்டேன். பார்சல் கம்பெனி மேலாளர் இடிந்துபோனார். "அந்தப் படத்தை பிரேம் போட்டு மாட்டிட்டோமே சார்!" கடைசியில் கையுறையைக் கொடுத்து அவரையே தட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் விரலும் நேராக முதல் காரணத்தில் போய் உட்கார்ந்தது. ஆறு பேருக்கும் வேலை தப்பியது. ஆறு இல்லை, ஐந்து. இருபத்தேழாம் எண், அவர்கள் துரத்துவதற்குள் நாமே போய்விடுவது மரியாதை என்று முந்தின வாரமே வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஞாயிறு மச்சான் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

"யாரோ நல்ல மனுஷன் மாப்ளை. கிடங்குக்கே நேர்ல வந்து பாத்து சரி பண்ணிட்டாராம்."

மனைவி கரண்டியோடு என் எதிரில் வந்து நின்றாள். "நீங்களா சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சொன்னேன். இரண்டாம் பதிப்பை இல்லை, முதல் பதிப்பிலிருந்து எல்லாவற்றையும். அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"நாப்பத்தொண்ணு நான்னு தெரிஞ்சப்புறம்தான் கிடங்குக்குப் போனீங்களா?"

"ஆமா மச்சான்."

தட்டில் மிச்சமிருந்ததை ஓரமாக ஒதுக்கினார்.

"பாவம் அந்த இருவத்தேழு. அவனுக்குத் தங்கச்சி இல்ல," என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.