அடுத்த ஞாயிறு விட இருந்த ரொக்கெட்

ரெங்கசாமி சேற்றுக் காலோடு, தேயிலைத் தோட்டத்து லயத்தில் அண்ணன் வீட்டுக் காம்பராவுக்குள் வந்து, பெஞ்சின் மேல் ஏறி, மேல்தட்டில் நின்ற ரொக்கெட்டை எடுத்தான். எடுத்ததும் அதன் அடிப்பக்கத்தை முகர்ந்து பார்த்தான். வெடிமருந்து வாசம் அடித்திருக்க வேண்டும்.

“பசறை டவுன்ல ஒரு கடையிலயும் சாவுக்கு விடுற வாணம் இல்லயாம். இல்லாட்டிப் போவுது. எங்கண்ணன் கையால செஞ்ச வாணமே இருக்கே,” என்று வாசலில் நின்றவர்களிடம் சொன்னான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

பொன்னையாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த இராக்கம்மா நிமிர்ந்தாள். செத்துக் கிடப்பவன் அவள் புருஷன். பெஞ்சில் நிற்பவன் கொழுந்தன். அவன் கையில் இருந்தது வாணம் இல்லை.

“தம்பி, அதுல கை வைக்காதீங்க!”

அப்படித்தான் கத்தினாள். ஆனால் நேற்று மத்தியானத்திலிருந்து கதறிக் கதறித் தொண்டை கட்டிப்போயிருந்தது. வெளியே தப்பு மேளச் சத்தம் வேறு காதைப் பிளந்தது. வாயைத் திறந்தால் ஓலம்தான் வந்தது, பேச்சு வரவில்லை. பாவம், மறுபடியும் பொங்கிவிட்டாள் என்று சுற்றியிருந்த பெண்கள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தூக்கினார்கள். அத்தனை கைகளையும் விலக்கி அவள் எட்டிப் பார்த்தபோது பெஞ்சின் மேல் யாரும் இல்லை.

அந்தச் சாமான் வீட்டுக்கு வந்து எட்டு மாசம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை குடும்பம் சீமைக்கு மூட்டை கட்டியபோது, பங்களாவில் தண்ணீர்ப் பம்பு பழுதுபார்க்கப் போன பொன்னையாவிடம் துரைசாணி ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்தனுப்பினாள். அவள் மகன் விளையாடாமல் போட்ட பெட்டி. உள்ளே இரண்டு துண்டாக ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய், சிவப்பு மூக்கு, நாலு செட்டை, கீழே இறங்கும்போது விரிகிற ஒரு பிளாஸ்டிக் குடை, அப்புறம் விரல் பருமனில் ஒரு மருந்துக் குழாய். மருந்துக் குழாய் ஒன்றே ஒன்றுதான். கொளுத்தினால் ஒரு தடவை பறக்கும், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஞாயிறு என்றால் மனுஷனுக்குப் பெட்டியே கதி. பிளேடால் பிசிறு சீவினான். வேலை செய்யும் தேயிலை ஃபெக்டரியிலிருந்து உப்புத்தாள் கொண்டுவந்து தேய்த்தான். ஒரு செட்டையை ஒட்டினால் பசை காயும்வரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே இருப்பான். ரேடியோவில் நாலு பாட்டு போய்விடும். குடையின் மடிப்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடாதாம், அதற்கு இராக்கம்மாவின் முகப்பவுடரைக் கொட்டித் தடவினான். அன்றைக்கு ஒரு சண்டை.

“புள்ளயில்லாத வீட்டுக்கு வெளையாட்டுச் சாமான் ஒண்ணுதான் கொறச்சல்,” என்று சொல்லிவிட்டாள். கல்யாணமாகி ஏழு வருஷம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பொன்னையா பிடித்திருந்த செட்டையை விடவில்லை.

செய்ய விட்டாளே தவிர, பறக்க விடத்தான் அவள் விடவில்லை. வாலிபர்கள் குண்டு செய்து பொலிசைத் தாக்கிய எழுபத்தோராம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு பொலிஸ் ஜீப் சத்தம் கேட்டாலே லயத்தில் கதவைச் சாத்துவார்கள். மருந்து கொளுத்துகிறான், குண்டு செய்கிறான் என்று எவனாவது ஒரு கடுதாசி எழுதிப் போட்டால் என்ன ஆகும்? நியாயமான பயம்தான். அவளுக்குத் தெரியாமல் மேல்மலைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கலாம் அந்த மனுஷன். செய்யவில்லை.

“நீ பக்கத்துல நின்னு பாக்கணும், புள்ள. நீ பாக்காட்டி நான் விட மாட்டேன்.”

போன ஞாயிறும் கேட்டான். நல்ல வெயில், இலை அசையவில்லை. ரொக்கெட்டை நிறுத்த ஒரு பழைய குடைக்கம்பியை நிமிர்த்தி, கொளுத்தப் பெட்டரியும் வயரும் எடுத்துவைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டான்.

“அடுத்த ஞாயிறு விடுவோங்க. இன்னைக்குத் துணி தொவைக்கணும்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான். நானும் வர்றேன்.”

புதன்கிழமை காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தோட்டத்து லொறி அவனை ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பத்து மணி தாண்டிவிட்டது. பசறைக்கு இறங்குகிற வளைவுகளில் அவன் தலை அவள் மடியில் ஆடிக்கொண்டே வந்தது. ஏதாவது சொல்வான் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தண்ணி” என்றான். அவள் போத்தலைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. டிரைவர் இறங்கி வந்து பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு, லொறியைத் திருப்பினான்.

மறுநாள் மூன்று மணிக்குப் பாடை கட்டியாயிற்று. அதன் முன்பக்கத்தில் ரொக்கெட் நின்றது. ரெங்கசாமி அதை ஒரு மூங்கில் குச்சியோடு வைத்து நூல் சுற்றி, அடியில் வாணத்துக்குச் செருகுவது போலத் திரியும் செருகியிருந்தான். ஒரு செட்டை கழன்று போயிருந்தது. இராக்கம்மா பக்கத்துக் காம்பரா பெரியாயியின் காதில் வாயை வைத்தாள்.

“அக்கா, அது வாணமில்லக்கா. தம்பிகிட்ட வாங்கிக் குடுத்துருங்க. ஞாயித்துக்கெழமை விடுறதா அவருகிட்ட சொல்லியிருக்கேன். நானே விட்டுக்கிறேன்.”

“கட்டுனவனே போறான், நீ பிளாஸ்டிக்குக்கா அழுவுற?” என்றாள் பெரியாயி. “மொகத்தப் பாத்துக்க, புள்ள. இனிப் பாக்க முடியாது.”

அதுவும் சரிதான். அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூக்கிவிட்டார்கள்.

லயத்து வாசலிலிருந்து கோயிலடி முடக்குத் திருப்பம்வரை ஓடினாள். அதோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். மயானத்துக்குப் பொம்பளை போகிற வழக்கம் எந்தத் தோட்டத்தில் இருக்கிறது? இன்னும் ஓர் அடி வைக்கப் பார்த்தாள். இடுப்பில் இரண்டு கை, தோளில் இரண்டு கை.

“தம்பீ!”

இந்தத் தடவை குரல் வந்தது. ரெங்கசாமி திரும்பிப் பார்த்தான். அண்ணன் பெண்சாதி கையை நீட்டித் துடிப்பதைப் பார்த்தான். தோளிலிருந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதாகக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, தேயிலைக்குள் இறங்கிப் போனான்.

தலைமுழுக்காட்டப் பெண்கள் அவளை, ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் பீலிக்கரைக்கு நடத்திக்கொண்டு போய்க் கல்லில் குந்த வைத்தார்கள். இரண்டு பேர் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். பெரியாயி அவள் தலையை ஒரு கையால் அமுக்கிப் பிடித்து, பீலித் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினாள். மலைத் தண்ணீர், பல் கிட்டியது.

நாலாவது வாளியோ ஐந்தாவது வாளியோ, அப்போதுதான் எதிர்ச்சரிவு மயானத்தில் தப்புச் சத்தம் நின்றது. சுடுகல்லில் தண்ணீர் தெளித்தது போல ஒரு சத்தம் கிளம்பியது. அடுத்து, அங்கே நின்ற அத்தனை ஆம்பிளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“அடேயப்பா! போவுது பாருடா! போவுது பாரு!”

சேலையைப் பிடித்திருந்த இரண்டு பெண்களும் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்தார்கள். ஒரு பக்கம் சேலை தழைந்தது. இராக்கம்மா நிமிரப் பார்த்தாள்.

“அக்கா, மேல போவுதா?”

“தலையத் தூக்காத, புள்ள,” என்றாள் பெரியாயி. “இன்னும் ரெண்டு வாளி இருக்கு.”