லீவுக்கு முந்தின நாள் கைது

தொடர் லீவு விட்டால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம், காவல் நிலையத்தில் பூட்டம்மாவுக்குத் திண்டாட்டம். பட்டறையும் ஆபீசும் மூடிக் கிடக்கும். ஆண்பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். சோற்றில் உப்பு கூடிவிட்டது, டிவி சத்தம் குறையவில்லை என்று ஏதாவது ஒரு சாக்கில் பெண்டாட்டி மேல் கை நீளும். அப்படிக் கை நீட்டுகிறவனை யோசிக்காமல் உள்ளே தள்ளுவதால் சக போலீஸ்காரர்கள் வைத்த பெயர்தான் பூட்டம்மா. கேலிப் பெயர்தான், ஆனாலும் அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அந்தத் தடவை லீவுக்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு தையல்காரி சின்ன மகளோடு வந்தாள். கைக்குட்டையை மடித்துக் காதில் அழுத்திப் பிடித்திருந்தாள். புருஷன் வெல்டர்.

"புகாரெல்லாம் வேணாங்கக்கா. பட்டறை திறக்கற வரைக்கும் வீட்டுலயேதான் இருப்பாரு. கூப்பிட்டு மிரட்டி மட்டும் விடுங்க."

"நாங்க இங்க மிரட்டினா, அவன் வீட்டுக்கு வந்து யாரை மிரட்டுவான்?" என்றார் பூட்டம்மா. "பேசாம எழுதிக் குடு. இன்னைக்குப் புடிச்சா லீவு முடியற வரைக்கும் ஜாமீனுக்கு வழியில்ல, கோர்ட் மூடியிருக்கும். நீயும் உன் பொண்ணும் நிம்மதியா காலை நீட்டித் தூங்குங்க."

இது பூட்டம்மா அனுபவத்தில் கண்டுபிடித்த வித்தை. மற்றவர்கள் லீவு நேரத்தில் எதற்கு வம்பு என்று புத்தி சொல்லி அனுப்பிவிடுவார்கள். இவர் அந்த லீவையே அடிக்கிறவன் தலையில் கட்டிவிடுவார்.

இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்தார். "நல்ல நாளும் அதுவுமா ஒரு குடும்பத்தைக் கெடுக்கணுமா?"

"அந்தப் பொண்ணு காது கிழிஞ்சப்பவே கெட்டுப் போச்சு சார்."

சாயங்காலம் பட்டறை வாசலிலேயே வெல்டரைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள்.

லீவின் நடுவில் ஒரு நாள் ரோந்து போன வழியில் பூட்டம்மா அந்தத் தெருப்பக்கம் ஜீப்பைத் திருப்பச் சொன்னார். தான் செய்த நல்ல காரியத்தை ஓர் எட்டு பார்த்துவிட்டுப் போகும் ஆசை, வேறென்ன. வாசலில் கால் வைக்க இடமில்லாமல் செருப்புகள் கிடந்தன. மாமியார், வெல்டரின் அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், நாத்தனார், அவள் புருஷன். வருஷா வருஷம் இந்த லீவுக்கு இங்கேதான் கூடுவார்களாம். வந்து இறங்கிய பிறகுதான் விஷயமே தெரிந்திருக்கிறது. எங்கே அடித்தான், எதை எடுத்து அடித்தான் என்று குடைந்து குடைந்து கேட்ட பூட்டம்மாவுக்கு, லீவுக்கு வீட்டுக்கு யார் வருவார்கள் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

தையல்காரியை யாரும் தொடவில்லை. ஒரு சொல் தப்பாகப் பேசவில்லை. அவளோடு பேசவே இல்லை. அவள் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்கள். மாமியார் மட்டும் பட்டினி கிடந்து, பேத்தியை மடியில் இறுக்கி வைத்திருந்தாள்.

அண்ணன் எழுந்து நாற்காலி போட்டார். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. "கோர்ட் திறக்கற வரைக்கும் நாங்க இங்கதாம்மா இருப்போம். தம்பியைக் கூட்டிட்டு வந்து இவகிட்ட ஒப்படைச்சிட்டுத்தான் கிளம்புவோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பூட்டம்மா நாற்காலியில் உட்காராமல் வாசலுக்கு நடந்தார்.

தண்ணீர் கொடுக்கிற சாக்கில் தையல்காரி ஜீப் வரைக்கும் வந்தாள். "அவரை இப்பவே விட்டுடுங்கக்கா. இன்னைக்கு வந்தா ஏதோ ஒரு அடியோட போயிடும். நாளாக ஆக கோவம்தான் சேருது."

"நான் நெனச்சாலும் முடியாதும்மா. கோர்ட் திறக்கணும்." சொல்லும்போதே அவமானமாக இருந்தது. அவனைக் கட்டிப்போட்ட அதே லீவு இப்போது தன் கையையும் கட்டிவிட்டதே என்று ஆத்திரம் வந்தது. "உங்க அம்மா வீடு?"

"போன்ல அவங்கதான் மொதல்ல திட்டினாங்க."

பூட்டம்மா அங்கேயே நின்று பெண்கள் காப்பகத்துக்குப் போன் போட்டார். பொறுப்பாளர் லீவில் போயிருக்கிறார், லீவு முடிந்ததும் கூட்டி வாருங்கள் என்றார்கள். தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்றால் அவர் இருப்பது போலீஸ் விடுதி, வெளியாளை உள்ளே விடமாட்டார்கள்.

தையல்காரி வீட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அப்ப என்னை எதுலயாவது போட்டு உள்ள வைக்க முடியுமாக்கா? ஜெயில்ல அம்மாவோட குழந்தையையும் விடுவாங்கதானே?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

"நீ ஒரு தப்பும் பண்ணலையேம்மா," என்றார் பூட்டம்மா.

"இல்லதான்," என்று சொல்லிவிட்டு, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.