தோளில் இரண்டு தட்டு

பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளைத் திரைக்கு முன்னால் வந்துகொண்டிருந்தன. திரைக்குப் பின்னால் குழல்விளக்குகள் எரிந்தன. ஒவ்வொரு பாட்டிலும் அந்த வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நகரும். அந்த ஒரு சுற்றுக்குள் பார்த்தாக வேண்டும்: கழுத்தில் கீறல், அடியில் குமிழி, உடம்பில் உருகாமல் நின்றுவிட்ட மணல். குழந்தைகளின் இருமல் மருந்து ஊற்றுகிற பாட்டில்கள் அவை. அவளுடைய இடது கை வரிசைக்கு மேலே ஓர் அங்குலம் விட்டு நின்றது. குறை தெரிந்தால், யோசிப்பதற்கு முன்பே விரல்கள் கவ்வி முழங்காலருகே இருந்த தொட்டியில் போட்டுவிடும். சலீரென்று உடையும். உடைந்தது மறுபடி உலைக்குப் போகும்.

இருபத்தொரு வருடமாக இதே ஸ்டூல். தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். புது மேற்பார்வையாளர்கள் அதுதான் அவள் சொந்தப் பெயர் என்று கொஞ்ச நாள் நம்புவதும் உண்டு.

இடது தோளில் இரண்டு தட்டு விழுந்தது. கண்ணை வரிசையிலிருந்து எடுக்காமல் அவள் வலப்பக்கம் நழுவினாள். இடப்பக்கமிருந்து நெட்டை வந்து உட்கார்ந்தாள். நடுவில் ஒரு பாட்டில்கூடப் பார்க்காமல் போகவில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி மாறிக்கொள்வார்கள். அதற்குமேல் பார்த்தால் எல்லாப் பாட்டிலும் ஒரே பாட்டிலாகிவிடும். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. அடுத்த இருபது நிமிடம் பக்கத்தில் நின்று அட்டைப்பெட்டி மடித்துவிட்டு, அவள் போய் நெட்டையின் தோளைத் தட்டுவாள். இது எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. அவள் வேலைக்கு வருவதற்கு முன்பே இருந்த வழக்கம். ஒருநாளும் அவள் அதைப் பற்றி யோசித்ததில்லை, மூச்சு விடுவதைப் பற்றி யோசிக்காதது போல.

"அந்த நோட்டீஸ நாலு தடவ படிச்சியாமே," என்றாள் நெட்டை, திரையைப் பார்த்தபடி. "மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கப் போறியா?"

"கையெழுத்துப் போடப் போறேன்."

நேரம் பதிக்கிற இயந்திரத்துக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். நிரந்தரத் தொழிலாளர் யாராவது இந்த மாதத்துக்குள் தாமாக விலகினால் இதுவரை சேர்ந்த பணத்தின் முழுக் கணக்கும், கூடவே ஆறு மாதச் சம்பளமும். வேண்டுமென்றால் ஒப்பந்தக்காரர் மூலம் திரும்ப வேலைக்கு வரலாம். ஒப்பந்த ஆட்கள் அதுவரை லாரியில் பெட்டி ஏற்ற மட்டும்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

"கிறுக்கு புடிச்சிருச்சாடி உனக்கு?"

"இருபதாம் தேதிக்குள்ள எம் பொண்ணு காலேஜுக்குக் கட்டணும். கட்டலைன்னா சீட்டு அடுத்த புள்ளைக்குப் போயிரும்."

"லோன் போடு. எம் பொண்ணு போடலையா?"

"போட்டா. இப்ப எப்படி இருக்கா?"

நெட்டை ஒரு பாட்டிலைக் கவ்வித் தொட்டியில் போட்டாள். அவள் மகள் வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. சம்பளம் வந்த அன்றே பாதியைப் பாங்க் பிடித்துக்கொள்ளும். மாதத்தின் கடைசி வாரம் பஸ்ஸுக்கு அம்மாவிடம்தான் கை நீட்டுவாள்.

"அதுல கீறல் ஒண்ணும் இல்லியே," என்றாள் பூதக்கண்ணாடி.

"இல்லதான். கை போயிருச்சு," என்றாள் நெட்டை.

வீட்டில் மகள் கடன் பாரத்தைப் பூர்த்தி செய்து சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தாள். அப்பா, அம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி.

"எம் பேர்லதான் லோன். நானே அடைச்சுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் கையெழுத்து மட்டும் போடுங்க."

"நல்லதுதானே சொல்றா," என்றார் பூதக்கண்ணாடியின் கணவர். ஒரு பணக்கார வீட்டில் கார் ஓட்டுகிறார். சீருடைச் சட்டையைக் கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்திருந்தார். "பதினெட்டு வயசாச்சு. அவ படிப்பு, அவ கடன். தன் கையக் கடிச்சாத்தான் அருமை தெரியும். எனக்கு எவன் கட்டினான்?"

"ஒருத்தனும் கட்டல. அதான் முப்பது வருஷமா அடுத்தவன் காரைத் தொடச்சிட்டு இருக்கீங்க."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். "சரி. குத்திக் காட்டியாச்சுல்ல? இப்ப சொல்லு. வேலைய விட்டுட்டு என்ன பண்ணப் போற?"

"அதே வேலைதான். கான்ட்ராக்ட்ல. சம்பளம் பாதிக்குக் கொஞ்சம் மேல."

"அதே வேலைக்குப் பாதிச் சம்பளமா?" என்றாள் மகள். "இது உனக்கு நியாயமா படுதாம்மா?"

"நியாயம் பாக்கற வேலை உனக்குக் கெடைச்சா நீ பாரு. எனக்குப் பாட்டில் பாக்கற வேலை."

"உன் வேலைய வித்து நான் படிக்கணுமா? காலம் பூரா சொல்லிக் காட்டுவ."

"கண்டிப்பா சொல்லிக் காட்டுவேன். பின்ன, சும்மாவா கட்டறேன்?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் அவளுக்கே கோபம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னும் ஒரு வாரம் இருக்குல்ல," என்றார் கணவர். "பார்க்கலாம்."

அந்தச் சொல் அந்த வீட்டில் புழங்காத சொல். பூதக்கண்ணாடி பள்ளிக்கூடம் முடித்த வருடம் அவள் அப்பாவும் அதைத்தான் சொன்னார். பார்க்கலாம், பார்க்கலாம் என்று இரண்டு வருடம் பார்த்துவிட்டுத்தான் அவள் பாட்டில் பார்க்க வந்தாள்.

அவள் பாரத்தை எடுத்து இரண்டாக மடித்தாள். ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் செருகினாள். மேசை ஆடவில்லை. "இதுக்காவது ஆச்சு," என்றாள். "சாப்பிடுங்க."

மறுநாள் அலுவலகத்தில், அட்டைப்பெட்டியிலிருந்து கிழித்த ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனதைப் பார்த்து நான்கு கேள்வி கேட்டாள். பணம் இருபதாம் தேதிக்கு முன்னால் கைக்கு வருமா? அதே இடம்தானா? வேலை நேரம் அதேதானா? ஒப்பந்தக்காரர் எந்தத் தேதி சம்பளம் போடுவார்?

அலுவலர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பதினேழாம் தேதி காசோலை. அதே இடம், அதே ஸ்டூல். அதே எட்டு மணி நேரம். மாதம் ஏழாம் தேதி சம்பளம்.

"வெவரமா கேக்கறீங்கம்மா. மத்தவங்க படிச்சே பாக்காம போடறாங்க. வேற ஏதாவது இருக்கா?"

அவள் அட்டைத் துண்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காலியாக இருந்தது.

"இல்லைங்க."

சாட்சிக் கையெழுத்துக்குக் கணவர் வந்திருந்தார். பேனாவை அழுத்தி எழுதியதில் காகிதம் லேசாகக் கிழிந்தது. வெளியே வந்ததும், "காலேஜ்ல ரசீது வாங்கினா அதை நான் வச்சுக்கறேன்," என்றார். "நீ தொலைச்சிருவ." அவள் இதுவரை எதையும் தொலைத்ததில்லை.

பத்தொன்பதாம் தேதி பணம் கட்டினார்கள். மாதக் கடைசியில் மகள் ஒரு பெட்டியும் ஒரு தலையணையுமாக விடுதிக்குப் போனாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "சொல்லிக் காட்ட இப்பவே ஆரம்பிச்சிராத, ஒரு வாரம் டைம் குடு," என்று கத்தினாள்.

ஒன்றாம் தேதி காலை அவள் பின்வாசல் வழியாக உள்ளே போனாள். நீல மேலங்கியை ஒப்படைத்துவிட்டு ஒப்பந்த ஆட்களின் பச்சை வாங்கிக்கொண்டாள். அதே இடம். அதே ஸ்டூல், கால் வைக்கிற கம்பியில் அவள் செருப்புத் தேய்த்த பள்ளம் உட்பட. பாட்டில்கள் வந்தன. இடது கை தானாக உயர்ந்தது. முதல் பத்து நிமிடத்தில் ஏழு பாட்டிலைப் பிடித்துத் தொட்டியில் போட்டாள்.

இருபதாவது நிமிடத்தில் அவள் இடது தோள் தானாகத் தாழ்ந்தது. வலப்பக்கம் நழுவத் தயாராக இடுப்பு அசைந்தது.

யாரும் தட்டவில்லை.

இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு கண்ணை எடுக்காமல், பின்னால் நடந்த மேற்பார்வையாளரின் காலடிச் சத்தத்திடம் கேட்டாள். "மாத்தறதுக்கு ஆள் வரலியே சார். நெட்டை எங்க?"

"அவங்களை மூணாவது வரிசைக்குப் போட்டாச்சும்மா. அவங்க பெர்மனென்ட்டு."

"இங்க யாரு மாத்துவா?"

"பச்சைக்கு ஒரு சீட்டுக்கு ஒரு ஆள்தாம்மா. டீ மணி அடிக்கும்ல, அப்ப எந்திரிச்சுக்கலாம்."

டீ மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

அட்டைப் பெட்டிகள் பக்கத்தில் மடிக்கப்படாமல் கிடந்தன. பாட்டில்கள் வந்தன, சுற்றின, போயின. ஒன்று மற்றொன்றுக்குள் கலந்தது. இப்போது போனதன் அடியில் குமிழி இருந்ததா, இல்லையா? கை எழுவதற்குள் அது தாண்டிப் போய்விட்டது. எட்டிப் பார்த்தால் அடுத்தது தவறிவிடும்.

அவள் வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய்த் தன் இடது தோளில் தானே இரண்டு தட்டுத் தட்டினாள். கண்ணை நன்றாக அகலத் திறந்துகொண்டு, அடுத்த பாட்டிலைப் பார்த்தாள்.