இரண்டு பூட்டுப் போட்ட இணையம்

உலகத்து அறிவெல்லாம் இனிச் சும்மா கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு, தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு கல்முனையில் ஓர் அறைக்குள் இணையம் வந்து சேர்ந்தது. சும்மா கிடைப்பதைச் சும்மா விடுகிற ஆட்களா நாங்கள்? பெருநாள் ஒன்று வந்து போவதற்குள் அதற்கும் எல்லைக்கல் நட்டாயிற்று.

ஆசிரியர்களுக்கான வள நிலையம் ஒன்றின் அறை அது. பொறுப்பாளர் அப்துல் ஸமட், இங்கிலீசு வாத்தியார். யாரோடும் முகம் கோணாத மனிதர். அவரிடமிருந்த ஒரே கெட்ட குணமும் அதுதான். வெளிநாட்டு உதவியில் வந்த ஒரேயொரு கம்பியூட்டர், அதற்கொரு தொலைபேசி இணைப்பு. சாதாரண வாத்திமார் போய்ப் பார்க்கக்கூடிய இணையம் அந்தக் கரையில் வேறெங்கும் அப்போது கிடையாது. பின்னேரங்களில் அது கீச்சிட்டுக் கத்தி இணைந்ததும் ஸமட் சேர் ஒரு சொல்லைத் தட்டித் தேடுவார். பக்கங்கள் ஆயிரக்கணக்கில் வந்து விழும். குப்பையைத் தள்ளி, வகுப்பறைக்கு உதவுகிறவற்றின் முகவரிகளை மட்டும் கம்பியூட்டருக்குள்ளேயே பாடவாரியாகப் பெட்டி பெட்டியாகப் போட்டு வைப்பார். கணக்குக்கு ஒரு பெட்டி, தாவரத்துக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று. பொறுமை மட்டும்தான் செலவு.

அந்தப் பொறுமையை நம்பித்தான் தம்பிலுவிலிலிருந்து சுலோஜனா டீச்சர் பஸ் ஏறி வந்தார். அவருடைய வகுப்பில் கஜனி என்று ஒரு சிறுமி, காது கேளாது. தவணை முடிவதற்குள் பிள்ளை நாலு சொல்லாவது வாசிக்காவிட்டால் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன் என்று பாடசாலை அதிபர் சொல்லியிருந்தார். வீட்டில் வைத்தால் அந்தப் பிள்ளையின் படிப்பு அத்தோடு சரி. ஸமட் சேர் பல பின்னேரம் துழாவி, கனடா நாட்டு டீச்சர் ஒருவர் எழுதிய பக்கத்தைப் பிடித்தார். உதட்டுக்கு முன்னால் கடதாசித் துண்டைப் பிடித்து அது ஆடுவதைக் காட்டுவது, தொண்டையில் கையை வைத்து அதிர்வை உணர வைப்பது என்று படங்களோடு ஒவ்வொரு படியாக இருந்தது. அச்சடிக்க மை இல்லை. சுலோஜனா கையாலேயே பாதியை எழுதிக்கொண்டு, மிச்சத்துக்கு வருகிறேன் என்று போனார்.

அவர் திரும்பிப் போன அதே கிழமைதான் நிலையத்துக்கு ஆலோசகர்கள் இருவர் நியமனமானார்கள். தமிழ்ப் பாடசாலைகளுக்காகக் கதிர்காமத்தம்பி, முஸ்லிம் பாடசாலைகளுக்காகக் கச்சிமுகம்மது. இரண்டு பேரும் ஓய்வுபெற்ற அதிபர்கள். பயிற்சிக் கலாசாலையில் ஒரே பாயில் படுத்து, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தவர்கள். இப்போது ஆளுக்கொரு சமூகத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து குந்தினார்கள்.

பெட்டிகளைப் பங்கு வைக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரு துளி கருத்து வேறுபாடு இல்லை. ஒரு பக்கத்தை ஒருவர் வாசித்தால் மற்றவருக்குக் குறைந்தா போகும் என்று ஸமட் சேர் மெல்லக் கேட்டார். இரண்டு பேரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். தாவரம் தமிழ்ப் பக்கம், விலங்கு முஸ்லிம் பக்கம் என்றாயிற்று. சந்திரனில் வந்து முட்டிக்கொண்டது. பிறை பார்க்கிறது நாங்கள் என்றார் கச்சிமுகம்மது. அப்போ பூரணை யாருக்கு என்றார் கதிர்காமத்தம்பி. மத்தியானச் சோற்றையும் மறந்து கதைத்து, வளர்பிறை ஒரு பக்கம், தேய்பிறை மறு பக்கம் என்று முடித்தார்கள். அட கருமமே!

பிறகு சந்தேகம் பிடித்தது. ஆளில்லாத நேரம் மற்றவன் வந்து நம்முடைய பங்கைப் பார்த்துவிட்டால்? சமாதானம் பண்ணுகிறேன் பேர்வழி என்று ஸமட் சேர்தான் வாயை விட்டார். பள்ளிவாசல் உண்டியலுக்கும் கோயில் நகைப் பெட்டிக்கும் இரண்டு பூட்டுப் போட்டு, திறப்பை ஆளுக்கொன்றாகக் கொடுப்பதில்லையா, அதுபோல் செய்வோம் என்றார். இருவருக்கும் அது தேனாய் இனித்தது. கம்பியூட்டரைத் திறப்பதற்கான இரகசியச் சொல்லில் முன்பாதியைக் கதிர்காமத்தம்பி தட்ட, மற்ற இருவரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். பின்பாதியைக் கச்சிமுகம்மது தட்டினார். அப்போது கதிர்காமத்தம்பியும் ஸமட் சேரும் சுவரைப் பார்த்தார்கள். அன்று மூடியதுதான். முதலில் வந்து மற்றவருக்காகக் காத்திருப்பது தன் சமூகத்துக்கே மானக்கேடு என்று இருவரும் வீட்டிலிருந்தார்கள். உலகத்து அறிவு தூசி பிடித்துக் கிடந்தது.

சுலோஜனா திரும்பி வந்து கதையைக் கேட்டார். ஸமட் சேருக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாக் கேக்குது சேர். அதாலதான் சண்டை பிடிக்க ஏலுது," என்றார் சுலோஜனா. "அந்தப் புள்ளைக்கு அதுவும் இல்ல."

இருவருடைய வீட்டுக்கும் அவர் ஏறி இறங்கினார். மற்றவர் முதலில் வரட்டும், உடனே வருகிறேன் என்று இரண்டு வீட்டிலும் ஒரே பதில், மரியாதையாக, தேத்தண்ணியோடு. அதற்கடுத்த நாள் மறுபடியும் போனார். இந்த முறை கெஞ்சவில்லை. உங்களுடைய பாதிச் சொல்லை மற்றவர் கண்டுபிடித்துவிட்டாராம், தினமும் தனியே திறந்து பார்க்கிறாராம் என்று கதிர்காமத்தம்பியிடம் ஒரு பொய். அதே பொய் கச்சிமுகம்மதுவிடமும்.

எங்கேயிருந்துதான் அந்த வேகம் வந்ததோ! ஒருவர் சைக்கிளிலும் ஒருவர் ஓட்டோவிலும் வந்து வாசலில் மோதிக்கொண்டார்கள். ஒருவரையொருவர் கள்ளனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே, சுவரைப் பார்த்து நிற்கிற சடங்கையும் விடாமல், தத்தம் பாதியைத் தட்டினார்கள். திறந்தது. ஸமட் சேர் ஓடிப்போய்க் கனடாக்காரியின் பக்கத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார். சுலோஜனா கதிரையை இழுத்துப்போட்டு எழுதத் தொடங்கினார்.

இது எந்தப் பெட்டிப் பக்கம் என்று கேட்டார் கச்சிமுகம்மது. காது என்றால் அது விலங்குக்குள்தான் வரும், ஆகவே முஸ்லிம் பக்கத்துப் பங்கு என்றும் அவரே தீர்த்தார். அது எப்படி, பிள்ளை தமிழ்ப் பிள்ளை என்று கதிர்காமத்தம்பி எழும்பினார். தாவரத்துக்குக் காது இருக்கிறதா என்று கச்சிமுகம்மது கேட்டார். அந்தப் பிள்ளை விலங்கா என்று மற்றவர் கேட்டார். சுலோஜனா தலை நிமிரவேயில்லை. உதடு, தொண்டை, கன்னம் என்று படங்கள் ஒவ்வொன்றாகக் கொப்பிக்குள் இறங்கின.

ஸமட் சேர் வழக்கம்போல் சண்டையில் விலக்குப் பிடிக்கப் போனார். பலனும் கிடைத்தது. இருவருக்கும் களைத்துவிட்டது. இதைப் பிறகு கதைப்போம், இப்போதைக்கு மூடுவோம் என்று கதிர்காமத்தம்பி சொல்ல, அன்று முதல் தடவையாகக் கச்சிமுகம்மது ஒத்துக்கொண்டார். இரண்டு கைகளும் ஒன்றாகச் சுவிச்சுக்கு நீண்டன.

"சேர், இன்னும் ரெண்டு பக்கம் இரிக்கி," என்று சுலோஜனா மெல்லச் சொன்னார். "சண்டைய நிப்பாட்டிப் போடாதீங்க."

பிறந்த நாள் முதல் எவரையும் மூட்டிவிட்டு அறியாத அப்துல் ஸமட் ஒரு தடவை தொண்டையைச் செருமினார்.

"அது சரி, மழைய எந்தப் பக்கத்துக்குப் போட்ட நாம?"

சுவிச்சுக்குப் போன இரண்டு கைகளும் திரும்பின. வயல் செய்கிறவன் யார் என்று தொடங்கினார் கதிர்காமத்தம்பி. நாங்கள் என்ன கடலிலா நெல் விதைக்கிறோம் என்றார் கச்சிமுகம்மது. ஸமட் சேர் இருவருக்கும் கதிரை எடுத்துக் கொடுத்து, ஆறுதலாக இருந்து கதைக்கும்படி கேட்டுக்கொண்டார். சுலோஜனா அடுத்த பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தார்.